இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில்

மார்ச் 4

திருப்புளிக்கு,

இன்று எனக்கு எழுபத்தாறு வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். நான் உயிரோடிருப்பதற்கு ஓய்வூதிய அலுவலகத்தார் ஆண்டுதோறும் சான்று கேட்பார்கள். அந்தப் படிவத்துக்காகக் காலையில் கணக்கிட்டேன். கணக்கிட்டதை ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்துவது வீண் என்பதால் உனக்கும் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வது மரியாதை கருதி. "வந்து சேர்ந்தேன். ஆறு வாரம், இருபத்து மூன்று லிஃப்ட் சோதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நீங்கள் தங்கிய அதே ஓட்டலில் போட்டிருக்கிறார்கள். மழை." நான்கு வாக்கியங்கள். தந்தி ஒழிந்து இத்தனை வருடம் ஆகியும் நீ இன்னும் சொல் எண்ணித்தான் எழுதுகிறாய். தொலைபேசியில் பேசலாமே என்று உன் மனைவி சொல்லியனுப்பினாள். தொலைபேசியில் நீ கத்துவது கீழ்வீட்டுத் தையல்காரிக்கு நன்றாகக் கேட்கிறது, எனக்குத்தான் கேட்பதில்லை. ஆகவே எழுது. அறுபத்திரண்டு வயதில் கையெழுத்து கொஞ்சம் தேறினால் நல்லதுதான்.

அந்த ஊரில் அறுநூறு வருடக் கட்டடங்கள் நிற்கின்றன. நீ அவற்றின் எதிரே நின்று, இதற்குள் லிஃப்ட் எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசிப்பாய். சிறு வயதில் கடிகாரம், தையல் இயந்திரம், கதவுத் தாழ்ப்பாள் என்று வீட்டில் ஒன்றையும் முழுதாக விட்டுவைக்காமல் அந்தப் பெயரை வாங்கியவன் நீ. எனவே இத்துடன் என் பழைய வரைபடத்தை வைத்திருக்கிறேன். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் பல்கலைக்கழக நூலகத்தின் சார்பாக, இறந்துபோன ஒரு பேராசிரியரின் புத்தகங்களைப் பார்த்து வாங்க அங்கே போனேனே, அப்போது பயன்படுத்தியது. பார்த்த ஒன்பது இடங்களுக்கும் எண் கொடுத்து, கிழமையும் மணியும் குறித்திருக்கிறேன். பட்டியல் போடுவதைப் பிழைப்பாகக் கொண்டவள் ஊர் சுற்றினாலும் பட்டியல்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் படுத்துக் கிடக்காமல் வரிசையாகப் பார்.

ஓட்டல் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பிக் கூண்டு, மடக்குக் கதவு, உள்ளே ஒரு முக்காலி. அது என்னை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம் தொங்கவிட்டது. என் கண்ணுக்கு நேரே மூன்றாம் மாடி விரிப்பின் கிழிந்த ஓரமும், அறைக்கு வெளியே யாரோ கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பும். உலகத்தை அந்த உயரத்திலிருந்து பார்ப்பது அவ்வளவு மோசமில்லை. இன்னும் அதே கூண்டுதான் என்றால் படியில் ஏறு.

தையல்காரி தபால்பெட்டிக்குப் போகக் கிளம்பி நிற்கிறாள். "தம்பிக்கா டீச்சரம்மா? குளிருக்கு உள்ள ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க." நூலகத்தில் இருந்தவளை ஆசிரியையாக ஆக்கிவிட்டாள், திருத்தித் திருத்தி நானும் ஓய்ந்துவிட்டேன். உள்ளே ஒன்று போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வாக்கியம் போதாது என்று சொன்னதால் இந்த முறை தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் அறை ஐந்தாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகு. ஒரு கட்டில், ஒரு மேசை, கால் ஆடும் ஒரு நாற்காலி. நாற்காலியை முதல் நாளே முடுக்கிவிட்டேன்.

ஞாயிறன்று வரைபடத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மழையோடு கிளம்பினேன். நம்பர் ஒன்று, நதிக்கரைச் சுவர். நனைந்த சுவர். நம்பர் இரண்டு, கல் பாலம். அதுவும் நனைந்திருந்தது. கோட்டையில் கூட்டம் என்பதால் அதை விட்டுவிட்டு நேராக நம்பர் ஏழுக்கு, கோபுரத்துக்குப் போனேன். இருநூற்றுப் பதினோரு படி. பின்பக்கம் ஊழியர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். நான் அதன் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி வந்தார். "ஏன் சார், எல்லாரும் மேல பார்க்கறாங்க, நீங்க கீழ பார்க்கறீங்க?" என்றார். "மேல விழறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உங்கள் வரைபடத்தில் இல்லாத ஓரிடத்தையும் பார்த்தேன். பழைய தந்தி ஆபீசைக் காட்சிசாலையாக்கி இருக்கிறார்கள். கண்ணாடிக்குள் படிவங்கள். மேசைக்குப் பின்னால் மெழுகில் ஒரு குமாஸ்தா, காதில் பென்சிலோடு. அதற்கு மேல் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஒரு கடை வாசலில் நனையாமல் நின்றேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன். திங்கள் சாயங்காலம் உங்களுக்கு முதல் தந்தி கொடுத்தேன், அம்மா மோசம், உடனே வரவும் என்று. செவ்வாய் பதில் இல்லை. புதனும் இல்லை. வியாழன் காலை அம்மா இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். முதல் தந்தி சேரவில்லை போலிருக்கிறது, இன்னொன்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். அங்கே வரிசை. படிவத்தைத் தப்பாக எழுதி, திரும்ப வாங்கி எழுதி, எல்லாமாக ஐம்பது நிமிடம். திரும்பி வந்தபோது அம்மாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எதையோ எட்டிப் பிடிக்கப் போன மாதிரி.

தப்பு அந்த ஓட்டல் வரவேற்பாளருடையது, 43-ஆம் அறைக்கு வந்த தந்தியை 34-ன் பெட்டியில் போட்டுவிட்டார், அம்மா போனபின் நான் கொடுத்ததோடு சேர்த்து மூன்று தந்தியையும் வியாழன் சாயங்காலம்தான் கொடுத்தார் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கதவைச் சாத்தியது அவர் இல்லையே.

சரி, இதை விடுங்கள். சிரிக்க ஒரு விஷயம். அதே கூண்டு இன்னும் ஓடுகிறது. என் பட்டியலில் அது கடைசி லிஃப்ட். மொட்டைமாடி இயந்திர அறையில் தகரப் பெட்டி நிறையப் பழைய பதிவுப் புத்தகங்கள், ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல். லிஃப்ட் எப்போது நின்றாலும் எழுதியே ஆக வேண்டும். நீங்கள் தொங்கிய இருபத்தைந்து நிமிடத்தையும் தேடி, பார்த்து எழுதி அனுப்புகிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

திருப்புளி


மார்ச் 15

திருப்புளிக்கு,

பழைய பதிவுப் புத்தகங்களைக் கிளறி நேரத்தை வீணாக்காதே. முப்பத்து மூன்று வருடம் தகரப் பெட்டியில் கிடந்த காகிதத்தில் என்ன இருக்கும் என்பது உன்னைவிட எனக்குத் தெரியும். பூச்சி இருக்கும், தொட்டால் உதிரும், உனக்குத் தும்மல் வரும். அது எந்த நாள் என்பதும் எனக்கு நினைவில்லை. உன்னை லிஃப்டின் கயிற்றைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், கதை படிக்க அல்ல.

கோட்டையைக் கூட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டாய் என்பது அறிந்து வருந்துகிறேன். வார நாளில் போ. உள்முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. முற்றுகையின்போது இரண்டு வருடம் ஊர் முழுவதும் அதில்தான் குடித்தது என்று பலகை சொல்லும். பலகையை நம்பாதே; கிணற்றை மட்டும் பார். எட்டாம் எண் அருங்காட்சியகத்தில் பூட்டுகளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே உன்னை ஒரு நாள் முழுவதும் கட்டிப் போட்டுவிடலாம்.

ஐந்தாம் மாடி அறையில் ஈரம் இருக்கும். உன் நிறுவனத்தாரிடம் சொல்லி வேறு ஓட்டலுக்கு மாறிவிடு. நிலையத்துக்கு அருகில் நல்லவை இருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன்.

அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி. நீ வெளியே போனதால் அம்மா இறக்கவில்லை. இறக்க வேண்டிய நேரத்தில் இறந்தார். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்திருப்பாய், அவ்வளவுதான். இதை முன்பும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறுதல் சொல்வது எனக்கு வராது என்பதையும் நீ அறிவாய். எனவே திரும்பத் திரும்ப என்னைச் சொல்ல வைக்காதே.

முழங்கால் படுத்துகிறது. லிஃப்ட் ஆய்வாளனின் அக்கா லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறாள் என்று தையல்காரி தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. தேடாதே என்று எழுதியிருக்கிறாய். நான் நேற்றே தேடி எடுத்துவிட்டேன்.

எந்த நாள் என்று நினைவில்லை என்கிறாய். உன் வரைபடத்தில் ஒன்பது இடத்துக்கும் கிழமையும் மணியும் இருக்கிறது. அந்த வாரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காகிதம் உதிரவும் இல்லை. உள்ளபடியே எழுதுகிறேன்.

"செவ்வாய். காலை 9.20. இரண்டு, மூன்று மாடிகளுக்கு இடையில் நின்றது. காரணம்: கதவு சுவிட்ச் விலகல். உள்ளே ஒருவர், பெண், அறை 43. இவருக்கு அவசரத் தந்தி வந்திருந்ததால் வரவேற்பாளர் படியில் நின்று கம்பி வழியே கொடுத்தார். அவசரம் கருதி, பொறியாளருக்குக் காத்திராமல் கையால் சுழற்றி இறக்கப்பட்டது. 9.45-க்கு வெளியேறினார்."

இருபத்தைந்து நிமிடம் சரி. உன் கணக்கு எப்போதும் சரி.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் மெக்கானிக் இன்னும் இங்கேதான் இருக்கிறார். எழுபது வயது. வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணெய் போட வருகிறார். நான் யார் என்று சொல்லாமல் கேட்டேன்.

"இந்தம்மாவை ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அவங்களாலதானே நம்ம வரவேற்பு அண்ணனுக்கு வேலை போச்சு."

"தந்தியைப் படிச்சாங்களா?"

"நான் மேல சக்கரத்தைச் சுத்திட்டு இருந்தேன் சார். இறங்கி வந்து பார்த்தா அண்ணன் கூண்டு வாசல்ல நிக்கறார். 'கெட்ட சேதியாம்மா? ரயில் நேரம் பார்த்துச் சொல்லட்டுமா?'ன்னு கேக்கறார். அந்தம்மா காகிதத்தை நாலா மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சாங்க. 'கோட்டை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?'ன்னாங்க."

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நம்பர் மூன்று, கோட்டை, செவ்வாய், பதினொரு மணி.

அப்புறம் அவர் சொன்னார், ஒரு மாதம் கழித்து மேனேஜருக்கு ஒரு புகார்க் கடிதம் வந்ததாம். இவர் இந்தப் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜரிடம் காட்டியிருக்கிறார். "லிஃப்ட் புஸ்தகம் லிஃப்டுக்கு. நீ உன் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டாராம். வரவேற்பாளரை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பிறகு எங்கேயும் மேசை வேலை கிடைக்காமல் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாராம். ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். "யார் எழுதினாங்களோ, எமகாதகன் சார். அதுல ஒரு வரியை அண்ணன் மனப்பாடமாச் சொல்லுவார். 'இவர் கையில் கொடுக்கப்படும் எதுவும் உரியவரைச் சென்று சேராது.' சைக்கிளுக்குச் சீட்டுக் குடுக்கும்போதுகூட அதைச் சொல்லிட்டுத்தான் குடுப்பார், விளையாட்டா."

எழுதியது நான். என் பெயர், என் கையெழுத்து. ஆனால் அந்த வரி என்னுடையது இல்லை. நான் எழுதியிருந்தது "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தை. வரைவை வாங்கி, அதை அடித்துவிட்டு, மேலே அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தது நீ. பச்சை மையில்.

செவ்வாய் காலையே உனக்குத் தந்தி கிடைத்துவிட்டது. ஒரு வரி பதில் கொடுத்திருந்தால், வரமாட்டேன் என்றே கொடுத்திருந்தால்கூட, நான் வியாழக்கிழமை எங்கேயும் போயிருக்க மாட்டேன்.

பதில் எழுது.


மார்ச் 24

திருப்புளிக்கு,

நாற்பது வருடங்களுக்குப் பிறகு என்னை "நீ" என்று எழுதியிருக்கிறாய். ஆட்சேபணை இல்லை. எனக்கு உதவி நூலகர் பதவி கிடைத்த வாரத்தில் நீயாகவே "நீங்கள்" என்று மாறினாய்; அன்றிலிருந்து நீ ஓர் அடி தள்ளி நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும். நெருங்கி வர இப்படி ஒரு காரணம் வாய்த்திருக்க வேண்டாம்.

அந்தப் பதிவு உண்மை. நாள், நேரம், இடம், காரணம், முடிவு என்று ஐந்தும் நான்கு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. என்னிடம் பயிற்சி பெற்ற எவரும் அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. லிஃப்ட் ஆய்வாளனுக்கு லிஃப்ட் நின்ற கதையை வலியச் சொன்னவள் நானேதான். ஏன் சொன்னேன் என்று, தகரப் பெட்டியைப் பற்றி உன் கடிதத்தில் படித்ததிலிருந்து ஒன்பது நாளாக யோசிக்கிறேன். அறியாமல் வந்த பிழை என்றுதான் எழுத வேண்டும். நான் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டேன் என்று நம்புமளவுக்கு எனக்கு என்மீது மதிப்பில்லை.

அந்த ஒரே வருடத்தில் அம்மா மோசம் என்று என்னை மூன்று முறை கூப்பிட்டனுப்பினார்கள். கருத்தரங்கிலிருந்து ஒரு முறை, ஒரு தோழியின் வீட்டுத் திருமணத்திலிருந்து ஒரு முறை, வாசிப்பறையிலிருந்து ஒரு முறை. மூன்று முறையும் ஓடினேன். மூன்று முறையும் அம்மா எழுந்து உட்கார்ந்து, பால் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். நான்காவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். நீ அப்போது வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வருவாய். தலையணையைச் சரிசெய்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக் காட்டுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. மற்றவை எல்லாம் ஆறு வருடமாக என் கையில் இருந்தன.

கூண்டு நின்றதும் நான் கூச்சலிடவில்லை. முக்காலியில் உட்கார்ந்தேன். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. என்னை எதற்கும் யாராலும் கூப்பிட முடியாது. ஆறு வருடத்தில் எனக்கு வாய்த்த ஓய்வு அந்தப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்தில் அந்த மனிதர் கம்பிக்குள் கையை நீட்டினார்.

பிறகு ஊரைச் சுற்றினேன். சுகமாகச் சுற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வோரிடத்திலும் நுழைவுச் சீட்டு வாங்கி, நின்று, மணியைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன். கிணற்றைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

பொய்யை எனக்கு எடுத்துக் கொடுத்தவன் நீ. சனிக்கிழமை வாசலில் நின்று, "தந்தி கிடைக்கலையாக்கா?" என்று கேட்டாய். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் என் வாய், "அறை மாத்திப் போட்டுட்டாங்கடா" என்றது. அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாய். அதற்குப் பிறகு திருத்த இடமில்லை. பச்சை மையைப் பொறுத்தவரை, சொன்ன பொய்யை நல்ல நடையிலாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பேன். அந்த மனிதரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவருடைய சட்டைக் கையின் ஓரம் நைந்திருந்தது. கம்பிக்குள் நீண்டதால் அது மட்டும் தெரியும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். இரண்டாம் நாள், கடிதம் வருவதற்கு முந்தைய வியாழக்கிழமை நான் செய்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்கிறேன்.

வியாழனன்று உன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போயிருந்தேன். நம்பர் ஏழு, வியாழன், பதினொரு மணி. நான் தந்தி ஆபீஸ் வரிசையில் நின்ற நேரம். இருநூற்றுப் பதினோரு படியும் ஏறி, மேலே பதினொரு மணிக்கு நின்றேன். மழை. ஊர் தெரியவில்லை. அன்றைக்கு நீ நின்றபோது தெரிந்ததா என்று கேட்கத் தோன்றியது. அந்தப் பதிவைப் படித்ததிலிருந்து உன்மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியதாலோ என்னவோ.

மெக்கானிக்கிடம் நான் யார் என்று சொல்லிவிட்டேன், அந்தக் கடிதத்தை எழுதிய எமகாதகன் நான்தான் என்று. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணனே போயிட்டார். என்கிட்ட சொல்லி இப்ப என்ன சார் ஆகணும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிக் குடுங்க, புஸ்தகத்துல ஒட்டி வைக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில், அந்தப் பதிவுக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். வரவேற்பாளர் தந்தியை உரிய நேரத்தில் உரியவரிடம் கொடுத்தார், புகார் பொய், இப்படிக்கு என்று. நடை சுமார்தான். திருத்த ஆள் இல்லை.

லிஃப்டை நிறுத்திவிட்டேன். அதே கதவு சுவிட்ச். முப்பத்து மூன்று வருடமாகக் காகிதம் மடித்துச் செருகி ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீ எழுதியதில் நியாயம் இருக்கிறது. மூன்று முறை ஓடி வந்து ஏமாந்தவள் நான்காவது முறை நம்பவில்லை. ஆறு வருடம் நீ பார்த்ததில் நான் பாதிகூடப் பார்த்ததில்லை. பொய் சொன்னது தப்பு, அந்த மனிதருக்குச் செய்தது பெரிய தப்பு. அதில் பாதி என்னுடையது. ஆனால் அம்மா விஷயத்தில் உன்னை நான் எப்படிக் குறை சொல்வது? அந்த வியாழக்கிழமை என்று யாருக்குத் தெரியும்? டாக்டர்கூட ஒன்றும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் நீயும் கிளம்பியிருக்க மாட்டாய், நானும் கதவைச் சாத்தியிருக்க மாட்டேன். தெரியாமல் நடந்தது. இரண்டு பேருக்குமே தெரியாமல் நடந்தது. இதை நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வருகிறது.

பத்தாம் தேதி கிளம்புகிறேன். வீட்டுக்குப் போவதற்கு முன் நேராக உன்னிடம் வருகிறேன். இரண்டு மாடி ஏறி. இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். காபி மட்டும் போடு.

திருப்புளி


ஏப்ரல் 5

திருப்புளிக்கு,

இன்று எனக்கு எழுபத்தாறு வயது, மூன்று மாதம், பதினைந்து நாள். நாட்களை எண்ணுவதில் நான் தவறியதில்லை என்பதை நினைவூட்டவே இதை எழுதுகிறேன். நீ பத்தாம் தேதி கிளம்புவதற்கு முன் இது உன் கைக்குக் கிடைத்துவிடும். படித்துவிட்டு, எந்த ரயிலில் ஏறுவது என்று முடிவு செய்.

நேற்று உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோதே தையல்காரி, "தம்பி வர்றாரா டீச்சரம்மா? முகமே மாறுதே. அன்னிக்குச் சமையலுக்கு நான் வந்துடறேன்" என்றாள். வருவது உறுதியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் பிழை. அதன்மேல் நீ படுத்துத் தூங்குகிறாய் என்பதால் இரவு முழுவதும் அதை அப்படியே விட்டுவிடப் பார்த்தேன். காபிக்குப் பால் எவ்வளவு என்றுகூட யோசித்தேன். முடியவில்லை. பச்சை மை இப்போது இல்லை. இருக்கும் மையில் திருத்துகிறேன்.

நான் ஊருக்குக் கிளம்பியது ஞாயிறு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்தபோது, டாக்டர் வந்தார். பார்த்து முடித்ததும் வழக்கம்போல் வாசல்வரை கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த முறை எழுந்திரிக்க மாட்டாங்கம்மா. அடுத்த வியாழனைத் தாண்டறது கஷ்டம். தம்பிகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க." சரி என்றேன்.

மூன்று முறை ஏமாந்தேன் என்று சென்ற கடிதத்தில் எழுதியது உண்மை. அதைக் காரணமாகக் காட்டியது பொய். கம்பி வழியாக வந்த தந்தியில் எனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, நூலகத்துக்குப் போனேன். பேராசிரியரின் புத்தகங்களைப் பார்க்கப் போகவேண்டியவர் தலைமை நூலகர், அவருக்குத்தான் உத்தரவு. நான் போகிறேனே என்று கேட்டேன். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்றார். "பரவாயில்லை சார்" என்றேன். அந்த வேலைக்கு ஒரு நாள் போதும். திங்கள் மாலையே முடிந்துவிட்டது. திரும்பும் பயணச்சீட்டை வெள்ளிக்கிழமைக்கு எடுக்கச் சொன்னவள் நான். அம்மா போய்விட்டார் என்ற மூன்றாவது தந்தி வந்த பிறகும் அந்தச் சீட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆறு வருடம் அம்மாவுக்கு எல்லாம் செய்தேன். கடைசியாக இருந்த ஒன்றை மட்டும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பது வாசலில் டாக்டர் சொன்ன கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் விட்டுவிட்டுப் போனேன். விட்டுவிட்டுப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டாய்.

ஞாயிறு காலை என் பெட்டியைத் தெருமுனைவரை நீதான் தூக்கி வந்தாய். "எப்பக்கா திரும்பி வருவீங்க?" என்று கேட்டாய். "சனிக்கிழமை" என்றேன்.

எண்ணித்தான் சொன்னேன்.

அக்கா